விலகிப் போகும் காய்கள்

இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நீ செத்து ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இன்று மாலை ஆலங்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கடைக்குள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகையில் தூவிய பவுடர் வாசனை என்னைப் புதுக்கோட்டையில் நம் அறைக்கே இழுத்துப் போய்விட்டது.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம். கேரம் காய்களைப் போன்ற கடினமான வட்டுகள் ஒரு பெட்டிக்குள் மோதித் திரிவதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட முயன்றோம். நேரத்தைத் துளித்துளியாக நகர்த்த வேண்டாம், அடுத்த மோதல் எப்போது என்று கண்டுபிடித்து நேராக அங்கே தாவிவிடலாம் என்பது என் யோசனை. நிரல் முழுவதும் நான் எழுதியது. ஓடவிட்டால், இரண்டு வட்டுகள் தொட்ட இடத்திலேயே நின்றது. தசமத்தின் கடைசி இலக்கத்தில் மயிரிழைப் பிழை. மோதி முடித்த வட்டுகளை இன்னும் மோதுவதாகவே நிரல் எண்ணிக்கொண்டது. மோதல்களின் எண்ணிக்கை ஏறியதே தவிர, கடிகாரம் நகரவில்லை. மூன்று வாரம் திணறினேன்.

நீ காயைச் சுண்டிக்கொண்டே கேட்டாய்: "ஏன் மாப்ள, அதுக ரெண்டும் விலகித்தானே போகுது? விலகிப் போறத எதுக்குடா திரும்பத் திரும்ப மோத விடுற?"

ஒரே ஒரு வரி சேர்த்தேன். விலகினால் மோதலில்லை. கடிகாரம் ஓடியது.

இந்தக் கணக்கைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தபோது உன் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "என் வரி இல்லேன்னா ஒன் கணக்கு அங்கனயே கெடந்திருக்கும், போடா" என்று சிரித்தாய். அந்தக் கட்டுரை உன்னை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. எனக்கு இங்கே ஒரு தனியார் கல்லூரியில் வேலை.

ஒருமுறை கல்லூரி வாசலுக்கே வந்தாய். "டீயாவது குடிப்போம் வாடா." வகுப்பு இருக்கிறது என்றேன். வகுப்பு இல்லை.

போன வாரம் உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, அவுக நெனவா புத்தகம் போடுறோம். ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல. நாலு வரி எழுதிக் குடுங்க." என்ன பேசினாய் என்று கேட்காமல், எழுதுகிறேன் என்று போனை வைத்தேன்.

நாலு வரியில் உன் திருட்டை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது இன்னொன்றும் வந்து நிற்கிறது. உன் வரியை வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். யார் சொன்னது என்று எந்த மாணவரிடமும் சொன்னதில்லை. உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் நீ எப்போதோ விலகிப் போய்விட்டாய். நான்தான் இன்னும் மோதிக்கொண்டு நிற்கிறேன்.

இதை உன் வீட்டுக்கு, உன் பெயருக்கே அனுப்புகிறேன். புத்தகத்தில் சேர்ப்பதும் கிழித்துப் போடுவதும் உன் மனைவியின் விருப்பம். கையெழுத்துப் போடப்போவதில்லை. அந்தக் கட்டுரையில் இல்லாத பெயர் இதிலும் வேண்டாம்.