நாத்தனாவுக்குக் காரியம்

1957 ஜூன் 9, ஞாயிறு

காலையில இருந்து மழை. எங்க லயத்து வீட்டுக் கூரையில மூணு எடத்துல ஒழுக்கு. இருக்கிற பானையெல்லாம் வச்சாச்சு. வெறகு நனைஞ்சு ஒரே பொகை.

புதன்கிழமை நுவரெலியா கவுருமெண்டுக் கச்சேரிக்குப் போகணும். இலங்கைப் பிரஜா உரிமை விசாரணை. மனுப் போட்டு ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் கூப்புட்டிருக்காங்க. அவரு, நான், மக புஷ்பம், மூணு பேருக்கும் சேத்து ஒரே மனு. நானும் வந்தே ஆகணுமாம்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: கூப்புட்ட கடுதாசி. பு. பொறந்த துண்டு, பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்டு. அவரு கோட்டு (பொத்தான் தைக்கணும்). கட்டுச்சோறு. கொடை.

ஆஸ்பத்திரி மருந்தய்யா நேத்தும் சொன்னாரு. பு. நல்லாப் படிக்குது, நர்ஸ் படிப்புக்கு எடுத்துக்குவாங்க, ஆனா பிரஜா உரிமை இல்லாட்டி மனுவையே தொட மாட்டாங்கன்னு. கெடைக்கலைன்னா இந்த வருசமே தோட்டத்துல பேரு பதிஞ்சு தேயிலக் கூடைய மாட்ட வேண்டியதுதான். நான் பத்து வயசுல மாட்டுனேன். கவுறு இழுத்த தழும்பு இன்னும் தலையில இருக்கு. இப்ப புள்ளக்காம்பராவுல கொழந்தைக பாக்குற வேலைன்னாலும் மழைக்கு அந்த எடம் வலிக்கும். எம்மக தலைக்கு அது வேணாம்.

யூனியன் ஆபீசு தம்பி இவருக்குச் சொல்லிக்குடுத்தது: "இந்தியாவுல யாரு இருக்கான்னு கேப்பாங்க. யாரும் இல்லீங்கன்னு சொல்லுங்க. அங்க பணம் போகுதுன்னு தெரிஞ்சா ஒங்க மனசும் அங்கதான்னு எழுதி மனுவத் தள்ளிருவாங்க."

அவரு தலைய ஆட்டுனாரு. அவரு தலைய ஆட்டுனா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. கட்டுன நாள்ல இருந்து பாக்குறேன்.

அங்க இருக்குறது அவரு அக்கா மாரியாயி ஒண்ணுதான். துறையூர்ப் பக்கம். புருசன் செத்து, புள்ள இல்லாம, இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. இவரு அனுப்புற மணியார்டர்லதான் அடுப்பு எரியுது. தாயி செத்த பொறகு இவர இடுப்புல தூக்கி வளத்தது அதுதானாம். நான் கண்ணால பாத்ததே இல்ல. யாரையாவது புடிச்சு எழுதச் சொல்லி கார்டு போடும், நான் பதில் எழுதுவேன். அம்புட்டுதான் ஒறவு.

ஜூன் 10, திங்கள்

மழை விடல. புள்ளக்காம்பராவுல பாதிப் புள்ளைகளுக்கு இருமல். பால்மா பத்தல. தொரையம்மா பாக்க வர்றாங்கன்னு தொட்டித் துணியெல்லாம் தொவைக்கச் சொல்லிட்டாங்க. இந்த மழையில எங்க காயும்?

அவரு ஸ்டோருல வேலை முடிஞ்சு வந்து, மாட்டுக்குப் புல்லு போட்டுக்கிட்டே "யாரும் இல்லீங்க, யாரும் இல்லீங்க"ன்னு சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சிரிப்பு வந்துச்சு. அப்பறம் வரல.

ஜூன் 12, புதன். பொழுது சாஞ்சு

போயிட்டு வந்தாச்சு. நடந்தத அப்பிடியே எழுதிர்றேன்.

விசாரணை பண்ற ஐயா சிங்களவரு. மொகம் நல்ல மொகம்தான். தமிழ்ல எடுத்துச் சொன்னவரு யாழ்ப்பாணத்துக்காரரு, கண்ணாடி போட்டவரு. "இந்த நாட்டிலயே தொடர்ந்து இருந்ததுக்கு என்ன அத்தாட்சி வச்சிருக்கிறியள்?"ன்னாரு. நாங்க பதில் சொல்றதுக்கு முன்னாடியே பைலுக்குள்ள இருந்து ஒரு கட்டு வெளிய வந்துச்சு. அத்தனையும் மணியார்டர் அனுப்புன சீட்டு.

நாங்களேதான் குடுத்தோம். ஆறு வருசத்துக்கு முன்னாடி மனு எழுதிக் குடுத்த ஆளு, "வருசா வருசம் இங்கதான் இருந்தோம்னு தபால் முத்திரையே சொல்லும், இதவிட என்ன சாச்சி வேணும்"ன்னான். எல்லா லயத்துலயும் பெட்டியத் தொறந்து அதைத்தான் எடுத்துக் குடுத்தோம். பெருமையா வேற குடுத்தோம், ஒடம்பொறப்பக் கைவிடாத சனம்னு தெரியட்டும்னு. புத்தி கெட்ட சனம்.

ஐயா சீட்டுகள மேசையில பரப்புனாரு. அவரு கேக்கக் கேக்க கண்ணாடிக்காரரு தமிழ்ல சொன்னாரு.

"ஆர் இந்த மாரியாயி?"

"எங்க அக்காங்க"ன்னாரு இவரு.

"இப்பவும் காசு அனுப்புறியளோ? அவ இப்ப எங்க இருக்கிறா?"

அவரு, நான் தச்ச பொத்தானப் புடிச்சுத் திருகிக்கிட்டே நிக்கிறாரு. மாட்டுக்கிட்ட அத்தன தடவ சொன்ன மனுசன். கண்ணாடிக்காரரு திருப்பிக் கேட்டாரு. ஐயா பேனாவ எடுத்துட்டாரு. பு. என் சீலையப் புடிச்சுது.

நான் சொன்னேன். "செத்துப்போச்சுங்க."

"எப்ப?"

"போன மாசமுங்க."

ஐயா இவரப் பாத்தாரு. இவரு தரையப் பாத்தபடி நின்னாரு, கண்ணுல தண்ணி. அக்கா போன துக்கம்னு ஐயா நெனச்சிருக்கணும். மெதுவா சிங்களத்துல என்னமோ சொன்னாரு. "ஐயா கவலைப்படுறார்"ன்னாரு கண்ணாடிக்காரரு. "தோட்டத்திலயும் விசாரிப்பினம். முடிவு தபாலில வரும்."

எங்க தோட்டத்துக் கணக்கப்புள்ள, வேற ஆளுகள விசாரணைக்குக் கூட்டியாந்தவரு, பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு.

பஸ்ஸுல "நான் சொல்லாட்டி என்ன ஆயிருக்கும்?"ன்னு கேட்டேன். அவரு சன்னலப் பாத்துக்கிட்டே வந்தாரு. கட்டுச்சோறு அப்பிடியே திரும்பி வந்துச்சு.

ஜூன் 13, வியாழன்

கணக்கப்புள்ள, காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுலயே சொல்லிட்டாரு. தோட்டம் பூரா தெரிஞ்சு போச்சு. இத்தன நாளு வெளிய சொல்லாம மனசுக்குள்ளயே வச்சிருந்தோம்னு நெனச்சுக்கிட்டாங்க.

பக்கத்துக் காம்பரா அஞ்சலை ஓடியாந்து அடுப்புல தண்ணி ஊத்திட்டா. "சாவு விழுந்த வீட்டுல ஒல வைக்கலாமாடி?" மத்தியானம் அவ வீட்டுல இருந்து சோறு, பருப்பு. சாயங்காலம் மேல்லயத்துப் பொம்பளைக அம்புட்டுப் பேரும். தலவாக்கலையில இருந்து, நாங்க சாமான் வாங்குற கடை முதலாளி, சீனியோட.

இல்லைன்னு சொல்ல முடியுமா? சொன்னா கணக்கப்புள்ள காதுக்குப் போகும், அங்க இருந்து கச்சேரிக்கு.

என்னயச் சுத்தி உக்காந்து கட்டிப் புடிச்சு ஒப்பாரி வச்சாளுக. "எப்பிடி இருப்பாக ஒங்க நாத்தனா?"ன்னு ஒருத்தி. என்ன சொல்ல? "ஒசரமா இருப்பாங்க"ன்னேன். ஒசரமா குட்டையா யாரு கண்டா. பு. பெரிய மனுசியானப்ப, நாங்க அனுப்புன பணத்துலயே மிச்சம் புடிச்சு ஒரு பாவாடத் துணி அனுப்புச்சு அந்தப் பொம்பள. அது நெனப்புக்கு வந்துச்சு. அப்பறம் அழுதது நடிப்பு இல்ல.

அவரு வெளிய கல்லு மேல உக்காந்து, வந்த ஆம்பளைகளுக்குக் கையக் குடுத்துக்கிட்டு இருந்தாரு.

ஜூன் 15, சனி

அரைநாள் வேலை. துணி ஒண்ணும் காயல.

அவருகிட்ட மெதுவா சொன்னேன். "நம்ம பேருல வேணாம். கடை முதலாளி பேருல அக்காவுக்கு அனுப்பச் சொல்லுவோம்."

அதுக்கு அவரு கேட்டாரு. "செத்தவளுக்கு எப்பிடி அனுப்பச் சொல்றது? அந்த மனுசன் நம்ம வீட்டுல வந்து துக்கம் கேட்டுட்டுப் போயிட்டாரு."

அதான. எந்தப் பக்கம் போனாலும் நான் சொன்ன வார்த்தயே குறுக்க நிக்கிது.

கணக்கப்புள்ள வந்தாரு. "அடுத்த ஞாயித்துக்கெழம ஆத்தங்கரையில காரியத்த முடிச்சிருங்க. நாளைக்கி கச்சேரியில இருந்து கேட்டாங்கன்னா நானே சாச்சி சொல்லுவேன்ல." நல்லதுதான் நெனைக்கிறாரு. நல்ல மனுசன்.

அத்தை உசுரோடதான் இருக்குன்னு பு.கிட்ட நெசத்தச் சொன்னேன். "எனக்காகவாம்மா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். பாவாடத் துணிய மடிச்சுப் பொட்டியில வச்சிருச்சு.

ஜூன் 23, ஞாயிறு

மழை இல்ல. பனிதான்.

காரியம் முடிஞ்சுது. எள்ளு, தண்ணி, சோத்துருண்ட, எல்லாம் மொறப்படி. "செத்தவுக பேரச் சொல்லு"ன்னாரு சடங்கு பண்ற பெரியவரு. அவரு சொன்னாரு. பெரியவரு மூணு தடவ கேட்டாரு, இவரு மூணு தடவயும் சொன்னாரு. தெளிவா.

உருண்டைய வச்ச ஒடனே காக்கா வந்து கொத்திருச்சு. "பாத்தியா, மனசு நெறஞ்சு போயிருக்கா மகராசி"ன்னா அஞ்சலை. ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு எனக்கு.

மத்தியானம் எல்லாரும் போன பொறகு அவரு ஒரு வெத்துக் கார்டு எடுத்தாந்து எம்முன்னாடி வச்சாரு.

"அக்காவுக்கு எழுது."

"என்னன்னு?"

"நான் செத்துட்டேன்னு."

எனக்குப் புரியல. அவரே சொன்னாரு, மெதுவா, புள்ளைக்குச் சொல்ற மாதிரி. "பணம் வரலைன்னா எனக்கு என்னமோன்னு கார்டு மேல கார்டு போடுவா. ஆபீசுல கணக்கப்புள்ள கையிலதான் அது மொதல்ல விழும். எழுதாதேன்னு எழுதுனா, ஏன்னு கேட்டு எழுதுவா. நான் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் விடுவா. வேற யாருகிட்டயாவது கையேந்தவும் போவா. வராத பணத்துக்குப் பாத்துக்கிட்டு பட்டினி கெடக்க மாட்டா."

"கட்டுன பொண்டாட்டி கையால எழுதுற எழுத்தா இது? என்னால முடியாது"ன்னேன். கை தன்னால தாலியப் புடிச்சுக்கிச்சு.

"அன்னைக்கி சொல்ல முடிஞ்சுதே"ன்னாரு. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்.

எந்திரிச்சு மாட்டுப் பக்கம் போயிட்டாரு. நான் கார்டத் தொடல. சத்தியமா எழுதக் கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன். பு. வந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. பேனாவ எடுத்து, "நான் எழுதுறேன்ம்மா"ன்னு 'அன்புள்ள அத்தைக்கு'ன்னு ஆரம்பிச்சிருச்சு. அழகான எழுத்து.

புடுங்கிட்டேன். எம்மக கையி அத எழுத வேணாம். அதுக்குக் கீழயே நான் எழுதுனேன். 'ஒங்க தம்பி காய்ச்சல்ல போன மாசம் தவறிட்டாங்க. நாங்க வேற தோட்டத்துக்குப் போறோம். இனிமே இந்த விலாசத்துக்கு எழுத வேணாம். ஒடம்பப் பாத்துக்கங்க.' என் பேரப் போட்டேன். நெத்திப் பொட்ட அழிக்காமத்தான் எழுதுனேன்.

தோட்டத்துத் தபால் பையில போடக் கூடாது. நாளைக்கி லீவு கேட்டுட்டு தலவாக்கலைக்குப் போயி, நானே பெட்டியில போடணும்.