ஆம்பற்குடி ஏரியில் வெண்துகில் வீசும் நாள் குறித்து விடுத்த ஓலை

ஏரி நிறைக. கரை நிலைக்க. ஒரு வயிற்றில் பிறந்தோர் ஒரு மனமாய் வாழ்க.

மணிமதிலூர்க் கோட்டையில் வெண்குடை நிழலில் வீற்றிருந்து, நாற்பத்திரண்டு ஏரிகளையும் அவற்றின் நீருண்டு வாழும் ஊர்களையும் காத்தருளும் செங்கோல்வேள் மாநாகனார், அரசர் பெருமான், ஆம்பற்குடி ஏரிக்கரையை உயர்த்தும் பணிக்குத் தலைவராய்ச் சென்று ஒரு திங்களாக அங்கேயே தங்கிவிட்ட தம் இளவல், இளவேள் கண்ணந்தையாருக்கு விடுக்கும் திருமுகம். ஆம்பற்குடியின் ஆவினமும் அறுவடையும், மாந்தோப்பும் பனங்காடும், கரையில் மண் சுமக்கும் ஆடவரும் மகளிரும் நலமுடன் இருக்க அரசர் பெருமான் வாழ்த்துகிறார். இளவேளும் நலமுடன் இருப்பதை அவர் அறிவார். நலம் சற்று மிகுதியாகவே இருப்பதையும் அறிவார்.

எழுத்தாணி பட்ட ஓலையைக் கிழிப்பதும், எழுதிய வரியை அடிப்பதும் இந்நாட்டு அரசர்க்கு வழக்கமில்லை என்பது தாங்கள் அறியாததன்று. சொன்னதை மாற்ற எண்ணினால் கீழே வேறோர் ஆணை சொல்லலாம். மேலே எழுதியது எழுதியபடியே நிற்கும். ஆதலின், முதலில் வரும் ஆணையைக் கண்டதும் குதிரைக்குச் சேணம் பூட்டச் சொல்லிவிடாமல் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தருளுமாறு, இதனை எழுதும் திருமுகநாயகம் பூதங்குடி நக்கன் கைகூப்பி வேண்டுகிறேன்.

முதல் ஆணை வருமாறு. இளவேள் இவ்வோலை கண்ட அக்கணமே கரைப்பணியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டைக்குத் திரும்புக. வடபுலத்துத் தூதர் ஒருவர் வரவிருப்பதால், அவரை எதிர்கொண்டு வரவேற்க இளவேள் இங்கே இன்றியமையாதவர்.

எந்த நாட்டுத் தூதர் என்று எழுத வேண்டுமென நான் பணிந்து கேட்டேன். தூதர் என்று ஒருவர் என்றைக்காவது வராமலா போவார் என்று அரசர் பெருமான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு திருவாய் மலர்ந்தருளினார். சொன்னபடியே எழுதினேன்.

உண்மை யாதெனில், தாங்கள் விடுத்த மூன்று ஓலைகளும் அவர் பீடத்தருகே இருக்கின்றன. அமைச்சர் அவையில் வழக்கு நடக்கும்போதும் அவற்றின்மேல் ஒரு கண் வைத்தபடியே இருக்கிறார். படிக்கும்போதெல்லாம் அவர் வயிறு எரிகிறது. இச்சொல்லை எழுதலாமா என்று நான் தயங்கியபோது, எரிவது எரிகிறது என்றே எழுதுக என்றார்.

முதல் ஓலையில் தாங்கள் நுங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பனையினின்று இறக்கிய கையோடு தலையைச் சீவி, பெருவிரலை விட்டு நெம்பி, கண் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உறிஞ்சி, முழங்கை வழியே வழிந்த நீரையும் விடாமல் நக்கிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அன்று மாலையே அரசர் பெருமான் தமக்கும் நுங்கு வேண்டுமெனக் கேட்டார். அது வந்தது. கோட்டை வாயிலில் ஒருவர் வாங்கி, மடைப்பள்ளியில் ஒருவர் தோலுரித்து, ஒருவர் பன்னீர் தெளித்து, நஞ்சு பார்ப்பவர் கிண்ணத்துக்கு ஒன்றாகச் சுவைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் இளஞ்சூடாக வந்தது. அரசர் பெருமான் அதில் பெருவிரலை விட்டுப் பார்த்தார். நெம்புவதற்கு அங்கே ஏதுமில்லை. விரலைத் துடைக்க நால்வர் துகிலோடு ஓடிவந்தனர்.

இரண்டாம் ஓலை மாம்பழம் பற்றியது. நடுப்பகலில் தோப்பில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, உதிர்ந்த பழத்தை மண்ணைத் துடைத்துக் கடித்து, கொட்டையை நார் வெளுக்கும்வரை சூப்பி எறிந்துவிட்டு, அப்படியே உறங்கிப்போய், வெயில் தாழ்ந்ததும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்ததாகத் தாங்கள் குறித்திருந்தீர்கள். இந்நாட்டில் அரசர்க்குப் பல உரிமைகள் உண்டு. மாங்கொட்டையைச் சூப்பும் உரிமை மட்டும் இல்லை. அவருக்குக் கதுப்பை மட்டும் அரிந்து வைப்பர். கொட்டைகள் எங்கே போகின்றன என்று அன்று அரசர் பெருமான் விசாரித்ததில், நஞ்சு பார்ப்பவரே அவற்றையும் பார்த்துவிடுகிறார் என்று தெரிய வந்தது. முப்பத்திரண்டு வயது வேந்தர் அன்று இரவு உண்ணாமல் எழுந்தார்.

இங்கே கத்திரி வெயிலில் கோட்டைச் சுவர் விடியும்வரை அனல் வீசுகிறது. ஆரம் உராயும் பிடரியெல்லாம் அவருக்கு வேர்க்குரு. ஆனாலும் பட்டாடையையும் முடியையும் களைந்து வைக்க அவையில் இடமில்லை. இவற்றையெல்லாம் பொறுத்தவர், தங்கள் மூன்றாம் ஓலையை மட்டும் பொறுக்கவில்லை.

அதில் தாங்கள் விண்ணப்பித்தது இது. ஏரியில் நீர் முழங்கால் அளவே எஞ்சியிருக்கிறது. ஊரார் மீன் பிடிக்க நாள் கேட்கின்றனர். மீன் பிடித்த பிறகே தூர் வார முடியும். மழைக்கு முன் தூர் வாரியாக வேண்டும். ஆண்டுதோறும் அரசர் பெருமான் நேரில் வந்து, கரையில் நின்று வெண்துகில் வீசி, மக்களை ஏரிக்குள் இறங்க விடுவது வழக்கம். ‘இவ்வாண்டு அண்ணன் பெருமான் வெயிலில் நின்று துகில் வீச வேண்டாம். நானே வீசிவிடுகிறேன். புதிதாக ஓர் ஊத்தாக்கூடையும் பின்னச் சொல்லியிருக்கிறேன்’ என்று முடித்திருந்தீர்கள்.

அந்த ‘நானே’ என்ற இடத்தில் அரசர் பெருமான் ஓலையைக் கீழே வைத்துவிட்டார். ‘நுங்கும் அவனுக்கு, தோப்பும் அவனுக்கு, ஊற்றும் அவனுக்கு. எனக்கென்று இருந்தது கரைமேல் ஒரு முழத் துகில், அதுவுமா அவனுக்கு வேண்டும்?’ என்று கேட்டு எழுந்து நடக்கலானார்.

துகில் வீசுபவர் நீரில் கால் வைக்கலாகாது என்பது ஏரி வெட்டிய நாள்தொட்டு வரும் முறை. பதின்மூன்று வயது நிரம்பியவர் எவரும், மீனைக் கவிழ்த்து மூடி மேல்வாய் வழியே கைவிட்டு எடுக்கும் ஊத்தாவோடு ஏரியில் இறங்கலாம் என்பதும் முறை. அரசர் பெருமான் பதின்மூன்று நிரம்பி, இறங்கக் காத்திருந்த அந்தக் கோடையில்தான் தந்தையார் மறைந்து, ஊத்தாவுக்குப் பதில் அவர் கையில் துகிலைக் கொடுத்தனர். பத்தொன்பது கோடைகளாக அவர் துகிலை வீசிவிட்டு அப்படியே நிற்கிறார். கீழே ஊரே கூவிக்கொண்டு சேற்றில் பாய்கிறது. தாங்கள் தலைமுதல் கால்வரை சேறாகி, விராலை மார்போடு அணைத்துத் தூக்கி, அண்ணா பார் என்று கத்துகிறீர்கள். அண்ணன் பார்க்கிறார். ஏரிக்கு அவர் செல்வதே தம்பி மீன் பிடிப்பதைக் கண்டு மகிழ்வதற்கு என்று அமைச்சர்கள் இதுவரை நம்பியிருக்கின்றனர்.

ஆகவே இரண்டாம் ஆணை பிறந்தது. ஆம்பற்குடியில் எவரும் துகில் வீசலாகாது. அரசர் நாள் குறிக்கும்வரை எவரும் இறங்கலாகாது. ஆணையைச் சொன்னாரேயன்றி நாள் குறிக்கவில்லை. ஓலையை அனுப்பவும் விடவில்லை. ஆறு நாட்கள் இது என் பெட்டியிலேயே கிடந்தது. இது பொறாமை அன்றி வேறில்லை என்று ஐந்தாம் நாள் அவரே சொன்னார். சொல்லியும் நாள் குறிக்க மனம் வரவில்லை.

இன்று முற்பகல், ஏரிக்காவல் கொற்றி என்பாள் ஆம்பற்குடியிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்து அவையின் நடுவே நின்றாள். அவள் சொன்னதைச் செந்தமிழாக்காமல் சொன்னபடியே எழுதுமாறு ஆணை.

‘சாமிக்குக் கோவம் யாரு மேலன்னு எங்களுக்குத் தெரியாது. மீனு மேல இல்லேன்னா நாளச் சொல்லுங்க. தண்ணி முழங்காலுக்குக் கீழ போயிருச்சு. வெரா முதுகு வெயில்ல காயுது. கொக்கு யாருகிட்டயும் உத்தரவு கேக்குறதில்ல. இன்னும் அஞ்சு நாளு போனா மண்வெட்டியால வாரி உரமாப் போட வேண்டியதுதான். அதுலயும் இந்த வருசம் சின்னவரு எறங்க மாட்டாராமே. துணி வீசுறவரு கால்ல சேறு படக்கூடாதுல்ல? ஏன் சாமி இப்படின்னு கேட்டா சிரிக்கிறாரு. என்னைய ஒரு ஊத்தா பின்னச் சொன்னாரு. அவரு கை நுழைய எவ்வளவு வாய் வேணும்னு எனக்குத் தெரியாதா? இதுக்கு ரெண்டு விரக்கடை கூட வையின்னாரு.’

 அரசர் பெருமான் தங்கள் மூன்றாம் ஓலையை எடுத்து மீண்டும் படித்தார். பிறகு கைவளையை மேலே தள்ளிவிட்டு, தம் கைத்தண்டைத் தாமே விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். ஊத்தாவின் வாய் அந்தக் கைக்கே அளவெடுத்தது. துகிலைத் தம்பி கேட்டது கரைமேல் நிற்பதற்கு. கரைமேல் ஒருவர் நின்றால் மற்றவர் இறங்கலாம். பத்தொன்பது ஆண்டுகளில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. அரசர் குடியில் எவர் வீசினாலும் செல்லும் என்பது எல்லோரும் அறிந்திருந்தும் தோன்றவில்லை.

கொற்றிக்கு மோரும் நிழலும் கொடுக்கச் சொல்லிவிட்டு, அரசர் பெருமான் என்னை நோக்கித் திரும்பினார். கண் கலங்கியிருந்தது என்று எழுத எனக்கு ஆணையில்லை. ஆனால் விட்டுக்கொடுப்பதிலும் அவனே முந்திக்கொண்டானே, இதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று அவர் புழுங்கியதை எழுத ஆணை உண்டு.

மூன்றாம் ஆணை, முன்னிரண்டையும் மாற்றி நிற்பது. தூதர் எவரும் வரவில்லை. இளவேள் ஆம்பற்குடியிலேயே இருக்க. இன்றைக்கு மூன்றாம் நாள், ஞாயிறு பனையளவு ஏறும்போது ஏரி திறக்கப்படும். அன்று இளவேள் பட்டுடுத்து, முடியணிந்து, ஆரங்கள் அனைத்தும் பூண்டு, குடைக்கு வெளியே வெயில் படுமாறு கரைமேல் நின்று வெண்துகில் வீசுக. கணுக்கால் அளவும் நீரில் இறங்கலாகாது. மீன் எப்பக்கம் ஓடுகிறது என்று கரையிலிருந்து கைகாட்டவும் கூடாது; அரசர்க்கு இதுவரை அந்த உரிமை இருந்ததில்லை. செங்கோல்வேள் மாநாகனார் ஊராரில் ஒருவராகக் கச்சை கட்டி, கொற்றி பின்னிய ஊத்தாவைக் கையில் ஏந்தி, வரிசையின் கடைசியில் நிற்பார். முந்தின நாள் மாலை தோப்பில் அவருக்கொரு கயிற்றுக்கட்டில் போடப்படுக. கொட்டையோடு கூடிய மாம்பழங்கள் கழுவப்படாமல் அதனருகே இருக்கட்டும். நஞ்சு பார்ப்பவர் கோட்டையிலேயே இருப்பார்.

அரசர் பெருமானுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. முதல் நாளில் ஒன்றும் அகப்படாமற் போகலாம். இளவேள் அதைக் கண்டு சிரிப்பாராயின் அடக்கிக்கொண்டு சிரிக்க.

இங்ஙனம் ஆம்பல் முத்திரையிட்டு, அரசர் பெருமான் தம் திருக்கையால் நூல் சுற்றிக் கொடுத்தது. ஓலை கொண்டு செல்லும் குதிரைவீரன் வழியில் எந்த நிழலிலும் இறங்காமல் செல்க. ஏரிகள் உள்ளளவும் இச்சொல் நிற்க.

முத்திரை இட்ட பின்னும் அரசர் பெருமான் ஓலையைத் திரும்ப வாங்கிச் சேர்க்கச் சொன்னது: கரைமேல் நிற்கையில் இளவேளுக்கும் வயிறு எரியும். எரிந்தால் அதை ஒளிக்காமல், எவ்வளவு எரிந்தது என்று ஓலையில் எழுதி அண்ணனுக்கு அனுப்புக. அவர் அதனைப் பீடத்தருகே வைத்துப் படிப்பார். இது அரச ஆணை.