வேகமாகப் பாடும் என் மகன்

தை, வெள்ளிக்கிழமை. மாத்தளையில் கடைகள் எரிந்ததற்கு மறு வருஷம்.

அந்த நெருப்பில் எங்கள் வீட்டோடு ராஜுவின் இசைத்தட்டும் போயிற்று. சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பர் பாட்டு மெட்டில் தமிழில் என் மகன் பாடிய ஒரே தட்டு. அதற்கு முன்பே காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. தட்டை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்று டவுனுக்குப் போனேன்.

இசைத்தட்டுக் கடைக்கார முஸ்லிம் நானா போட்டுக் காட்டினார். "கேளுங்க ஐயா, ஒரு கரகரப்பும் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு."

"கண்ணாடிதான் நானா. ஆனா இது ராஜு இல்லையே. யாரோ பொடியன் கீச்சுக்குரல்ல ஓடி ஓடிப் பாடுறான்."

"வயசாயிருச்சுங்க. காது மறந்திருக்கும்."

எழுத்துதான் எனக்குச் சரியாக வராது, காது பிசகியதில்லை. தட்டின் ஓரத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினேன். சுற்றுவது குறைந்தது. ஒரே ஒரு வரி, ராஜு பாடினான். முள் துள்ளிவிட்டது.

"ஐயோ, கைய எடுங்க, தட்டு கெட்டுரும்!" என்று நானா கத்தினார்.

இப்போது கண்ணை மூடினால் அந்தக் கீச்சுக்குரல்தான் கேட்கிறது. இத்தனை நாள் மனசில் இருந்த குரலை அது மூடிவிட்டது. விரலுக்கடியில் கேட்டது என் பிள்ளையா, என் ஆசையா? எனக்கே தெரியவில்லை.

தட்டை வேகம் கூட்டி அடித்துவிட்டார்களா என்று அறிய, அவன் பாடிய சுருதியைச் சொல்ல அன்று அவனோடு வாசித்தவர்கள் வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது கிட்டார் வாசித்தவன். பாட்டு பாட்டு என்று என் மகனைக் கெடுத்தாய் என்று சாவு வீட்டிலிருந்து நான் விரட்டிவிட்டவன். இனி அவனிடம்தான் போய்க் கேட்க வேண்டும், பலாபத்வல ஊர்ச் செல்லத்துரையிடம்.