குழைஞ்ச சோறு

பாப்பாவோட அம்மாவுக்கு,

நீங்க எல்லாரும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சுதா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

இந்த வாரம் ரூம்ல சமையல் என் முறை. ஆறு பேருக்குச் சோறு வடிச்சேன். ஆவி பட்டு விரல்ல சின்னதா ஒரு கொப்புளம், கவலைப்படாதே. அதோட விட்டிருக்கலாம், கொத்தனார் கை சும்மா இருக்குமா? சிமெண்ட் கலவையைப் புரட்டுற மாதிரி அடியிலிருந்து நாலு புரட்டு புரட்டிட்டேன். சோறு களியாப் போச்சு.

வெல்டர் அண்ணன் ஒரு வாய் எடுத்துட்டு, "யோவ் கொத்தனாரே, இதை வெச்சுச் சுவரே எழுப்பலாம்யா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா ஒருத்தரும் தட்டைத் தள்ளல, மோர் ஊத்திக் கரைச்சுக் குடிச்சுட்டாங்க.

எனக்குத்தான் உன் சோறு ஞாபகம் வந்துச்சு. நீ வடிச்சா பூ மாதிரி உதிரும், பாப்பா ஒவ்வொரு பருக்கையா எடுத்து விளையாடுவா. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு நாள் குழைஞ்சதுக்கு, தட்டைத் தள்ளிட்டு வேலைக்குப் போனேனே.

வடிச்ச பிறகு எவ்வளவு நேரம் கவுத்து வெக்கணும்னு எழுது. பானை பிடிக்கத் துணி இல்ல; உன் பழைய சேலையில ஒரு துண்டு கிழிச்சு அனுப்பு.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் தட்டைத் தள்ளிட்டுப் போன அன்னைக்கு நீ சாப்பிட்டியா? இத்தனை வருஷமா கேக்கவே இல்ல. அதை முதல்ல எழுது.