ஈர மண்ணில் ஊன்றிய ஜாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். சென்னையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் வடமதுரைப் பக்கம்தான் ஷூட்டிங். நடிகையின் கேரவனை வெங்காயத் தோட்டத்து ஓரம் நிறுத்தி, ஆடாமல் இருக்க நாலு மூலையிலும் ஜாக்கி ஊன்றினேன். காலையில் தண்ணீர் பாய்ச்சிய இடம் என்று கவனிக்கவில்லை. ஒரு ஜாக்கி மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை, காபிதான் கொட்டியது. மேனேஜர் எல்லார் முன்னாலும், "மண்ணப் பாத்து நிறுத்தத் தெரியாதாடா?" என்று கத்தினார்.

தோட்டக்காரர்தான் பலகை கொண்டுவந்து ஜாக்கிக்கு அடியில் கொடுத்தார். பிறகு என் முகத்தையே பார்த்து, "ஏப்பா, நீ சாணார்பட்டி பெருமாள்சாமி மகன்தான? வெங்காய மண்டியில அவரு நமக்குப் பழக்கம்ப்பு" என்றார்.

பெருமாள்சாமி மகனுக்கு ஈர மண் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று, "இல்லண்ணே, நான் சென்னை" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பக்கத்தில் வந்தும் வீட்டுக்கு வராமல் போனது அதனால்தான்.

யாராவது இங்கே வந்தால் மோர்மிளகாய் கொடுத்துவிடுங்கள், சாப்பாடு இறங்கவில்லை. வண்டி எடுக்கக் கூப்பிடுகிறார்கள். மண்டியில் அந்தத் தோட்டக்காரர் கேட்டால், அவன் என் மகன்தான் என்று சொல்லுங்கள் அப்பா.

உங்கள் மகன்
பழனிக்குமார்