டாக்டரிடம் திருப்பிக் கேட்டது

தூத்துக்குடி,
கார்த்திகை 18

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா எழுதுவது. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருச்செந்தூர் முருகன் துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, தெருவில் முழங்கால் தண்ணீர். மாரிராஜ் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து என்று கூப்பிட்டார்கள், போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வடநாட்டுக்காரர், தமிழ் வராது, அதனால்தான் நீ முந்தின நாளே எனக்கு வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தியிருந்தாய். 'வாட் டு யூ மீன்'னு மட்டும் கேட்டுராதீங்கப்பா, சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கும், காதுல விழலைன்னா 'பார்டன்'னு சொல்லுங்க, விழுந்தும் புரியலைன்னா 'குட் யூ எக்ஸ்ப்ளைன் தட்'னு கேளுங்க, அப்பத்தான் நிதானமா விளக்குவார் என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் ஸ்கேன் கவரின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி, ஆட்டோவில் போகும்போதே மனப்பாடம் செய்தேன். என்ன, பரீட்சைக்கா போறிய என்று உன் அம்மா சிரித்தாள்.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வைத்தியத்தால் பலன் இல்லை, அதிகம் போனால் மூன்று மாசம், வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் தடவையே எனக்குப் புரிந்துவிட்டது அனிஷா. இரண்டாம் தரம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. நீ சொல்லித் தந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வாக்கிடாக்கியும் கையுமாக நின்றவன் அல்லவா, 'சே அகெய்ன் சார்' என்று கேட்டுவிட்டேன். இரைச்சலில் கேட்காவிட்டால் அங்கே அப்படித்தான் கேட்போம், எதிர்முனையில் அதே வார்த்தையைச் சத்தமாகச் சொல்வார்கள். எனக்குக் காது மந்தம் என்று டாக்டர் நினைத்துவிட்டார் போல. 'அட் த மோஸ்ட் த்ரீ மன்த்ஸ்' என்று தொண்டையைத் திறந்து சொன்னார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. விளக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த மனுஷன் பக்கத்தில் வந்து தணிவாகப் பேசியிருப்பார். பாவி நான் அவரைக் கத்த வைத்துவிட்டேன்.

வெளியே வந்தால் உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு அந்த இங்கிலீஷ் தெரியாதா என்ன. மீன்காரியிடமே ஒரு விலையை நாலு தரம் கேட்கிறவள், டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஆட்டோ பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, பிள்ளகிட்ட ஒண்ணும் சொல்லிராதிய, வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவா என்றாள், அவ்வளவுதான். சரி என்று தலையை ஆட்டினேன்.

அவளுக்குத் தலையாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஏளா, அழுகையெல்லாம் அங்கேயே அழுது முடித்துவிட்டுக் கூப்பிடு. டிக்கெட்டைப் போட்டுவிட்டு, லீவு முன்னாடியே கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல். படித்ததும் இந்தப் படத்தை அழித்துவிடு. பேரனுக்கு ஊசி போட்ட சீட்டை மறக்காமல் எடுத்து வா.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில், சித்திரைக்கு லீவு கேட்டிருக்கேம்மா, வாரேன் என்றாய். அதுக்கென்னளா, மெதுவா வா என்று அம்மா சொன்னது உனக்கு நினைவிருக்கும். போனை என் கையில் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மார்கழி, தை, மாசி என்று விரல் விட்டு எண்ணினாள். நாலாவது விரலுக்குப் போகவில்லை.

முருகன் உங்கள் மூன்று பேரையும் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
லிங்கராஜ்