அட்டையின் பின்பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தானே?

நாலு தடவை கூப்பிட்டிருந்தாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் கோபப்பட எனக்கு வராது, அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

உன் இங்கிலீஷ் வகுப்புக்காக நீ போட்ட புத்தகம் என் கைக்கு வந்தது. முகப்பில் உன் பெயர் பெரிதாக இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது. நாம் சேர்ந்து தங்கியிருந்த விடுதி அறையில் என் கட்டிலுக்கடியில் செருப்புப் பெட்டி நிறையக் கிடந்த அட்டைகள்.

அவை எப்படிச் சேர்ந்தன என்று உனக்குத் தெரியும். லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கும் மேசையில் உட்கார்ந்த முதல் வாரம், “பாடப்புத்தகம் பேசுற மாதிரி இருக்கு மேடம்” என்று ஒரு ஆள் சிரித்தான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடப்புத்தகத்தை விட்டால் எனக்கு வேறு இங்கிலீஷ் ஏது? அன்றிலிருந்து போனில் பேசுகிறவர்களின் வாயைக் கவனித்தேன். ‘ப்ரேக் டவுன்’, ‘லெட் டவுன்’ மாதிரிச் சோடிச் சொற்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றோடு எந்த அட்வர்ப் ஒட்டும், எது ஒட்டாது என்பது புத்தகத்தில் இல்லை. லிஃப்ட் ‘கம்ப்ளீட்லி’ ப்ரோக்கன் டவுன் என்பார்கள். நம்பி மோசம் போனவர்கள் ‘பேட்லி’ லெட் டவுன் என்பார்கள், ‘ஹெவிலி’ என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டதை அட்டையின் முன்பக்கம் எழுதுவேன். மறக்காமலிருக்கப் பின்பக்கம் தமிழில் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதுவேன்.

“ரெண்டு நாள்ல தந்துடறேன்டி, சும்மா பாத்துட்டு” என்று வாங்கிப் போனாய். ஏழு மாதம் ஆகிறது.

புத்தகத்தை எனக்கு அனுப்பியவர் அப்பா. பக்கம் 31 மடக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி எழுதக் கை ஓடவில்லை.

சுண்டெலி


மார்ச் 9

என் செல்லச் சுண்டெலிக்கு,

உனக்குக் கோபம்கூட வருமா! படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள், இரண்டு பக்கத்துக்குக் கேள்வி கேட்டிருக்கிறாய்.

‘கம்ப்ளீட்லி ப்ரோக்கன் டவுன்’ என்ன, உங்கள் பாட்டன் சொத்தா? ஊரே பேசுகிற பேச்சு. அதை வரிசைப்படுத்தி, பயிற்சி சேர்த்து, அச்சகத்துக்கு நாயாய் அலைந்தவள் நான். செருப்புப் பெட்டியிலேயே கிடந்திருந்தால் யாருக்கு என்ன பயன், நீயே சொல். அடுத்த பதிப்பில் உனக்கு ஒரு நன்றி போட்டுவிடுகிறேன், போதுமா?

பின்பக்கத்துத் தமிழையும் சேர்த்துப் போட்டதால்தான் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கிறது. யார் வீட்டுக் கதை என்று யாருக்குத் தெரியும்? பேரா போட்டேன்?

அப்பாவைக் கேட்டதாகச் சொல். போன மாதம் வகுப்புச் சுவரில் ஈரம் பூத்த இடத்தைப் பூசிக் கொடுத்தார். ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

பேர் போடவில்லைதான். சட்டையைப் போட்டிருக்கிறாயே.

31ஆம் பக்கத்தில் நீ அச்சடித்ததை அப்படியே எழுதுகிறேன். ‘கொயட்லி டர்ன்ட் பேக்.’ கீழே தமிழில்: ‘பட்டமளிப்பு நாளன்று அப்பா வேலைச் சட்டையோடு மண்டப வாசல்வரை வந்தார். இடது கையில் முழங்கைவரை நீலப் பெயிண்ட். இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்ற மற்ற அப்பாக்களைப் பார்த்தார். சத்தமில்லாமல் திரும்பிப் போனார். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.’

அன்று சாயங்காலம் அப்பா, “பஸ்ஸை விட்டுட்டேம்மா” என்றார். “பரவால்லப்பா” என்றேன். மூன்று வருடம் அந்தப் பொய்யை நாங்கள் இருவரும் உடையாமல் வைத்திருந்தோம். நிஜத்தை நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம். ஞாயிற்றுக்கிழமை, மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து, உன் கட்டிலில் உட்கார்ந்து. நீ என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். யார் வீட்டுக் கதை என்று என்னிடமே கேட்கிறாயே, உனக்கு வாய் கூசவில்லையா?

உனக்கு எங்கள் ஊரில் வகுப்பு வைக்க இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர். ‘பொண்ணோட அக்கா’ என்று நாலு சுவருக்கும் தானே வெள்ளையடித்தவர். அன்று பூசிய இடம் காயட்டும் என்று உட்கார்ந்தவர், உன் மேசையிலிருந்த புத்தகத்தைப் பெருமையாக எடுத்துப் புரட்டியிருக்கிறார். “இங்கிலீஷு புரியல, கீழ தமிழ்ல இருந்துச்சு” என்றார் போனில். பிறகு, “அப்போ... நீ பாத்தியா?” என்றார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை. நீ டீயைப் பற்றி எழுதுகிறாய்!

எனக்கு நன்றி வேண்டாம். மிச்சமிருக்கிற புத்தகம் ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தைக் கிழி. அந்த அட்டையைத் திருப்பி அனுப்பு.

சுண்டெலி


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

அவர் புத்தகத்தை எடுப்பார் என்று நான் கண்டேனா? அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழிக்க முடியாது. பாதிக்கு மேல் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

இன்னொன்று சொல்லட்டுமா? புத்தகத்திலேயே நன்றாக வந்த பாடம் அதுதான். ‘ஆங்ரிலி டர்ன்ட் பேக்’ என்று போட்டுப் பாருங்கள் என்பேன். ‘க்விக்லி’ போட்டுப் பாருங்கள் என்பேன். அதே வாசல், அதே மனுஷன், ஒரு சொல் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். கடைசியில் ‘கொயட்லி’யைப் படிப்பேன். வகுப்பே கப்சிப் ஆகிவிடும். அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தவள் நீ. பெருமைப்படக் கூடாதா?

இதற்கு மேலும் என்னைத் திட்டுவதாக இருந்தால் ஒன்றை யோசித்துக்கொள். அன்று அவரைக் கூப்பிடாமல் நின்றது நீ. நான் அச்சடித்தேன், அவ்வளவுதான்.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 30

டீச்சருக்கு,

அட்டை வந்து சேர்ந்தது.

கூப்பிடாமல் நின்றது நான்தான். அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லீவு போட்டு ஊருக்குப் போய் அப்பாவிடமே சொன்னேன். ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஜன்னல் கம்பிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். “பாத்தேம்ப்பா. வெக்கமா இருந்துச்சு. அதான் கூப்பிடல” என்றேன்.

பிரஷ் நிற்கவில்லை. ஒரு கம்பி முடிந்து, அடுத்த கம்பியும் முடிந்தது.

“நானும் வெக்கப்பட்டுதான் திரும்பினேன். நீ பாக்கலங்கிற தைரியத்துலதான் இத்தன நாளு உன் மூஞ்சியப் பாத்துப் பேசினேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏணியப் புடி, ஆடுது” என்றார். வேலை முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் ஏறுமுன் உங்கள் வகுப்புக்கு வந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அப்பா அடித்த சுவரில் சாய்ந்து நின்று, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். நான் திரும்பிவிட்டேன். சத்தமில்லாமல் இல்லை. உங்கள் கதவை ஓங்கி அறைந்துவிட்டுத்தான். யாரென்று பிள்ளைகள் எட்டிப் பார்த்திருப்பார்கள். நான்தான் என்று சொல்லுங்கள்.

புதிதாக ஒரு அட்டை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கம் ‘பேட்லி லெட் டவுன்.’ பின்பக்கம் இப்படி: ‘விடுதியில் காய்ச்சலோடு கிடந்தபோது வேலைக்குப் போகாமல் மூன்று நாள் என் பக்கத்திலேயே இருந்தாள் ஓர் அக்கா. யாரிடமும் சொல்லாததை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். அவள் அதை அச்சடித்தாள்.’

பேர் போடவில்லை. அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு கப்சிப்பென்று கேட்கும்.

பெயிண்டர் மகள்